வரப்பைப் பார்க்க வருகிறோம் என்று சொன்னோம்

மரக்காணம் உப்பளத்துக்கு எப்படிப் போவது, எந்த மாதம் நல்லது, படம் எடுக்க விடுவார்களா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் நான் போனது படம் எடுக்க அல்ல, பூநாரை பார்க்கவும் அல்ல. ஒரு புல்லைப் பார்க்கப் போனேன். புல்லைப் பார்க்கவா ஒருத்தி பஸ் ஏறிப் போவாள் என்று சிரிக்கத் தோன்றினால் இப்போதே சிரித்துவிடுங்கள். பாதிக்கு மேல் சிரிப்பு வராது.

நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை. எங்கள் பகுதியின் செடிகொடிகளையெல்லாம் ஒரு நூலாகத் தொகுக்க ஆசைப்பட்டு ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். மரங்களை எடுத்துக்கொள்ள ஆள் இருந்தது, பூச்செடிகளுக்குப் போட்டியே நடந்தது. புல் பகுதியை யாரும் சீண்டவில்லை. கடைசியில் அது என் தலையிலும் ரஹ்மத் தலையிலும் விழுந்தது. ரஹ்மத் கோட்டக்குப்பத்துக்காரி, கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவாள். மற்றபடி எனக்கு அடங்கி நடந்ததாகச் சரித்திரம் கிடையாது.

மூங்கிலும் புல் குடும்பம்தான், எனவே அதுவும் எங்கள் பங்கு. வானூர் பக்கம் ஓர் ஏரிக்கரையில் யாரோ நட்டு வளர்த்த மூங்கில் ஒன்று இருந்தது. அதை நூலில் சேர்க்கலாமா கூடாதா என்று இருவரும் மாதக்கணக்கில் சண்டை போட்டு, 'நடப்பட்டது' என்ற குறிப்போடு சேர்த்தோம். மூங்கில் பூப்பதற்கு ஆயுள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். நல்லவேளை, தண்டைச் சுற்றியிருக்கும் உறையைப் பார்த்தே பெயர் சொல்லிவிடலாம். சாதாரணப் புல்லுக்கு அந்தச் சலுகை இல்லை. இலையை வைத்துக்கொண்டு இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்வார்கள். கதிர் வெளியே வந்து, அதில் ஊசிமுனை அளவு இருக்கும் பூக்களை லென்ஸில் பார்த்தால்தான் இது இன்னது என்று அடித்துச் சொல்ல முடியும். கதிரோடு ஒரு செடியைக் காயவைத்து அட்டையில் ஒட்டி வைத்தால்தான் நூலில் ஏற்றவும் முடியும். போட்டோவை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சென்ற ஐப்பசி மழையில் நாங்கள் இருவரும் மரக்காணம் போயிருந்தோம். அப்போது உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்திகள் எல்லாம் மழைநீரில் முழுகி ஒரே ஏரியாகக் கிடக்கும், வரப்புகள் மட்டும் தெரியும். அந்த வரப்புகளில் வழக்கமான உப்புப் புல் கம்பளம் போலப் படர்ந்திருந்தது. இரண்டாவது வரப்பில் ஓரிடத்தில் மட்டும் ரஹ்மத் குந்தி உட்கார்ந்துவிட்டாள். அங்கே பத்துப் பன்னிரண்டு குத்துப் புல், சாம்பல் பூத்த பச்சை நிறத்தில், படராமல் நிமிர்ந்து நின்றது. இலை தண்டைத் தொடும் இடத்தில் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேற, அக்கா" என்றாள்.

"அதே புல்லுதான். நிழல்ல வளர்ந்திருக்கும், அதான் உசரமா இருக்குது" என்றேன்.

"உப்பளத்துல நிழல் எங்கக்கா இருக்குது?"

 வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டியதில், அவள் சொன்னது சரியாக இருக்கலாம் என்று எனக்கே பயம் வந்தது. எங்கள் பகுதியில் இதுவரை யாரும் பதிவு செய்யாத ஒரு புல். பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, எழுத எனக்கு உரிமையும் இல்லாமல் போய்விட்டது. காரணம் பிறகு புரியும்.

மார்கழியில் மறுபடி போனோம். கதிர் இன்னும் உறைக்குள்ளேயே பொதிந்திருந்தது. இரண்டு மூன்று வாரத்தில் வெளியே வந்துவிடும் என்று ரஹ்மத் கணக்குப் போட்டாள். மொத்தமே பத்துப் பன்னிரண்டு குத்துதான் என்பதால் ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை. கொஞ்சமாக இருப்பதில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வைத்தாலும் கதிர் இல்லாமல் அது குப்பைதான். அன்று திரும்பும்போது புல்லில் செருப்பு வழுக்கி நான் வரப்பிலிருந்து பாத்திக்குள் போய் உட்கார்ந்தேன். அங்கே பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் கதிர்வேல் ஓடிவந்து தூக்கிவிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும், கறுத்து மெலிந்த மனிதர். எங்களை ஏதோ சர்வே ஆட்கள் என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை. போன் நம்பரை மட்டும் கொடுத்து, "அடுத்த தடவ வரும்போது சொல்லிட்டு வாங்க மேடம்" என்றார்.

எங்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. அரிதான செடியைப் பார்த்தால் வெளியே மூச்சு விட மாட்டோம். முன்பு ஒரு முறை ரஹ்மத் ஒரு கொடியின் படத்தை இடத்தோடு போட்டுவிட்டாள். அது சர்க்கரை நோய்க்கு நல்லது என்று யாரோ கிளப்பிவிட, பத்து நாளில் வேரோடு மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால் 'சும்மா, மண்ணு பார்க்குறோம்' என்போம். புல் தேடி அலைகிறவர்கள் எல்லோருமே கொஞ்சம் இப்படித்தான். எங்கள் ரகசியத்தைத் திருட ஊரே காத்திருப்பதாக நினைப்பு.

நூல் தை மாதக் கடைசியில் அச்சுக்குப் போக வேண்டும். எல்லோரும் கைக்காசு போட்டு அச்சடிக்கும் நூல், இரண்டாம் பதிப்பு எங்கள் காலத்தில் வருமா என்பது சந்தேகம். புல் பகுதியில் இந்தப் புல்லுக்காக ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தோம். அதன் அடியில் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் ரஹ்மத் பெயர் வரும். பல வருடங்களாக வெயிலில் வரப்பு வரப்பாகக் குந்தியிருந்தவளுக்கு அந்த ஒரு வரிதான் கூலி. அவள் அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். பேசாததிலிருந்தே எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை போவதாக முடிவு. இரண்டு நாள் முன்பு நானே கதிர்வேலுக்குப் போன் செய்தேன். ரஹ்மத் பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டு இருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல வர்றோம்ங்க. அந்த ரெண்டாவது வரப்பைக் கொஞ்சம் பார்க்கணும்."

"வாங்க மேடம், தாராளமா வாங்க. இப்ப சீசன் வேலை ஆரம்பிச்சிட்டோம். நான் அங்கதான் இருப்பேன்."

என்ன பார்க்கப்போகிறோம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போனை வைத்ததும் ரஹ்மத் "கரெக்டா பேசினீங்கக்கா" என்றாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இனி வழி. சனிக்கிழமை இரவே கோட்டக்குப்பத்தில் ரஹ்மத் வீட்டில் தங்கிவிட்டேன். ஞாயிறு காலை ஆறேகாலுக்குச் சென்னை பக்கம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ் கிடைத்தது. மரக்காணத்தில் நிற்குமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள், நிற்காத வண்டிகளும் உண்டு. ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். பெரிய முதலியார்சாவடி தாண்டியதும் பஸ் வேகம் பிடித்தது, வலது பக்கச் சன்னலில் அவ்வப்போது கடல் தெரிந்தது. அனுமந்தையில் மீன் கூடையோடு இரண்டு பெண்கள் ஏற, கண்டக்டர் கூடையை எங்கே வைப்பது என்பதைப் பற்றி ஒரு பிரசங்கமே நடத்தினார். முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகியிருக்கும், மரக்காணம்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இட்லி நன்றாக இருந்தது. இரண்டு இட்லி, ஒரு வடை, டீ, ஆளுக்கு ஐம்பது ரூபாய். உள்ளே போனால் சாப்பிடவோ தண்ணீர் வாங்கவோ ஒரு கடை கிடையாது, எனவே இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து உப்பளம் மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை.

"ரீல்ஸ் எடுக்கவா மேடம்? ட்ரோன் எதனா வெச்சிருக்கீங்களா?"

"இல்லப்பா. சும்மா பார்க்கத்தான்."

"போன வாரம் ஒரு கல்யாண ஜோடி வந்துச்சு. உப்பு மேல ஏறி உக்காந்து போட்டோ. மாப்பிள்ளைக்குக் கால்ல புண்ணு இருந்திருக்கும் போல, அலறிட்டான்."

ரஹ்மத் கலகலவென்று சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அவ்வளவுதான்.

உப்பளத்துக்குள் நுழைந்தபோது மணி எட்டு. மழைநீரை இறைத்து வெளியேற்றியிருந்தார்கள். சேறாக இருந்த பாத்திகளில் ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று காலால் மிதித்துத் தரையை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே தாளத்தில் கால் விழும். சீசன் தொடங்கும்போது இதுதான் முதல் வேலை, தரை இறுகாவிட்டால் உப்பு மண்ணோடு வரும். பார்க்க விரும்புகிறவர்கள் தை மாதம்தான் வர வேண்டும். உப்பு மலை மலையாகக் குவிந்திருப்பதைப் படம் பிடிக்க வேண்டுமென்றால் பங்குனிக்கு மேல் வாருங்கள்.

கதிர்வேல் எங்களைப் பார்த்ததும் கரையேறி வந்தார். சேற்று வேலைக்கு நடுவே ஒரு மனிதர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கொட்டகை வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் துண்டு விரித்திருந்தது. இரண்டு இளநீர் சீவித் தயாராக இருந்தது.

"மொதல்ல குடிங்க மேடம். அப்பால போய்ப் பார்க்கலாம்."

"இருக்கட்டும்ங்க, பார்த்துட்டு வந்து குடிக்கிறோம்" என்று ரஹ்மத் நடக்கத் தொடங்கிவிட்டாள். லென்ஸ் அவள் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. முதல் வரப்பைக் கடந்து இரண்டாவது வரப்புக்குத் திரும்பினோம். அங்கே அவள் நின்றாள். நான் பின்னால் வந்து அவள் முதுகில் இடித்துக்கொண்டேன்.

வரப்பு, மெழுகித் துடைத்த தரை போல வழவழவென்று இருந்தது. ஒரு இலை இல்லை. புதுக் களிமண் பூசி, ஓரத்தைக் கையால் தட்டிச் சீராக்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும், கலெக்டர் வரும் தெருவில் போடுவார்களே, அதே மாதிரி சுண்ணாம்புப் பொடியில் நேர்க்கோடு. கோடு எங்கேயும் கோணவில்லை. மிகுந்த அக்கறையோடு போட்ட கோடு.

"எப்படி மேடம் இருக்குது?" என்று பின்னாலிருந்து கதிர்வேல் கேட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

எனக்கு வாயில் வந்தது, "ரொம்ப சுத்தமா இருக்குதுங்க."

"போன தடவ நீங்க வழுக்கி வுழுந்துட்டீங்க இல்ல, எனக்கு மனசே கேக்கல. மறுபடியும் அந்த வரப்புக்குத்தான் வர்றேன்னு சொன்னீங்களா, முள்ளு கிள்ளு குத்தும், பாம்பு கெடக்கும்னு நேத்தே நாலு பேரை வுட்டு க்ளீன் பண்ணிட்டேன்."

பாத்தியில் மிதித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, முனியம்மா என்று பெயர், நிமிர்ந்து பார்த்து, புல்லைச் செதுக்கிய கதையைச் சொன்னார்: "நானும் என் நாத்தனாருந்தான் செத்தினோம் மேடம். ஒரு வேருகூட வுடல. வுட்டா மறுக்கா தழைச்சிக்கும்."

ரஹ்மத் குந்தி உட்கார்ந்து அந்தக் களிமண்ணைத் தொட்டுப் பார்த்தாள். "யா அல்லாஹ்" என்றாள், மெதுவாக.  கோபமாக இருந்தால் கத்தியிருப்பாள், எனக்கு அவளைத் தெரியும். யார் மேல் கத்துவது? எங்களுக்கு உதவியென்று ஒரு நாள் கூலி கொடுத்து ஆள் வைத்து வரப்பைத் துடைத்து வைத்திருக்கும் மனிதரிடமா?

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நான் சொல்லிவிட்டேன். இங்கே ஒரு புல் இருந்தது, இந்தப் பக்கத்தில் வேறு எங்கேயும் நாங்கள் பார்த்ததில்லை, அதில் கதிர் வந்திருக்கும், அதைப் பார்க்கத்தான் வந்தோம், அது ஒரு புத்தகத்தில் ஏற வேண்டும் என்று. சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"புல்லைப் பார்க்க வர்றோம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா அந்தப் பக்கம் ஒரு ஆளைக் கால் வைக்க வுட்டிருக்க மாட்டேனே, மேடம். வரப்பைப் பார்க்கணும்னுதானே சொன்னீங்க."

அவர் குற்றம் சொல்லவில்லை, தன்னையே நொந்துகொண்டார். அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது. ஊரில் உள்ள கள்ளனையெல்லாம் நினைத்துப் பயந்த நாங்கள், இப்படி ஒரு நல்ல மனிதர் இருக்கக்கூடும் என்று யோசிக்கவே இல்லை.

"செத்தின புல்லு எங்கங்க?" என்று கேட்டேன். ஒரு கதிர் முழுசாகக் கிடைத்தாலும் போதும்.

முனியம்மாதான் பதில் சொன்னார். மழையில் உடைந்திருந்த மூலையில் புல்லைப் போட்டு, அதன் மேல் களிமண்ணைக் குழைத்து அடைத்திருக்கிறார்கள். உடைப்பை அடைக்க அதுதான் வழக்கம், புல் இருந்தால் மண் பிடித்துக்கொள்ளும். அந்த மூலைக்குப் போனோம். ஒரு பக்கம் காலியான பாத்தி, மறுபக்கம் காலையில்தான் பாய்ச்சிய உப்புநீர்.

நான் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டினால் நீர் போய்விடும், அதனால் வெட்டித் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. கதிர்வேல் யாரையும் கேட்காமல் மண்வெட்டியை எடுத்து வந்து வரப்பை வெட்டினார். நாலு வெட்டில் உப்புநீர் இந்தப் பக்கம் பீய்ச்சிக்கொண்டு வந்தது. முனியம்மாவும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்து கையால் சேற்றை அள்ளி அணை போட்டுக்கொண்டே இருந்தார்கள், அவர் உள்ளே கையை விட்டுத் துழாவி ஒரு கட்டுப் புல்லை இழுத்தார். வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு.

ரஹ்மத் அந்தக் கட்டை ஒவ்வொரு தண்டாகப் பிரித்தாள். பாதிக்கு மேல் வழக்கமான உப்புப் புல். எங்கள் புல்லும் இருந்தது, கதிரும் வந்திருந்தது. ஆனால் களிமண்ணோடு சேர்த்து மிதித்ததில் பூக்கள் எல்லாம் உரிந்துபோய், மெல்லிய காம்பு மட்டும் நின்றது. இருந்தவரை பொறுக்கி அவள் நியூஸ்பேப்பரில் வைத்து மடித்தாள். எதற்கும் ஆகாது என்று இருவருக்கும் தெரியும். அவர்கள் எதிரில் அதைத் தூக்கிப் போட முடியுமா?

கிளம்பும்போது கதிர்வேல் இளநீரை நினைவுபடுத்தினார். குடித்தோம். இனித்தது என்று சொன்னால் பொய். பெரிய வெட்டு விழுந்த வரப்பை நான்கு பேர் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். வீணான உப்புநீருக்கும் ஆள் கூலிக்கும் ஏதாவது கொடுக்க நினைத்துப் பர்ஸை எடுத்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "அதெல்லாம் வேணாம் மேடம், ஏற்கெனவே நான் பண்ணது போதும்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ரஹ்மத் அந்த நியூஸ்பேப்பர் மடிப்பை மடியில் வைத்திருந்தாள். அனுமந்தை தாண்டியதும், "சொல்லியிருக்கலாம்லக்கா?" என்று கேட்டாள்.

"சொல்லியிருக்கலாம்" என்றேன்.

அந்தக் காம்புகளை அன்று மாலை லென்ஸில் பார்த்தோம். அவளுடைய கல்லூரி நுண்ணோக்கியிலும் பார்த்தோம். புல் விஷயத்தில் கரை கண்ட ஒருவருக்குப் படம் அனுப்பினோம், இதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று எழுதினார். நூல் சொன்ன நேரத்துக்கு அச்சுக்குப் போனது. காலியாக விட்டிருந்த பக்கத்தை இழுத்து மூடி, அடுத்த புல்லை அங்கே ஏற்றிவிட்டார்கள். நூல் கைக்கு வந்த அன்று ரஹ்மத் புல் பகுதியைப் பிரிக்கவே இல்லை, அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள். மூங்கிலையாவது சேர்த்துவிட்டோமே என்று நான் ஏதோ சமாதானம் சொல்லப் போக, "அது யாரோ நட்டதுக்கா" என்றாள்.

போக நினைக்கிறவர்களுக்கு. காலை பத்து மணிக்குள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் வெள்ளை வெயில் கீழேயிருந்தும் மேலேயிருந்தும் அடிக்கும், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் கண் கூசிப்போகும். காலில் சின்னக் கீறல் இருந்தால்கூட உப்புநீரில் இறங்க வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள், அங்கே இருப்பவர்களிடம் கேட்காதீர்கள். நல்ல தண்ணீரை அவர்களே வீட்டிலிருந்து குடத்தில் சுமந்துகொண்டு வருகிறார்கள். கழிப்பறை கிடையாது, பெண்கள் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளவும். திரும்ப ஆட்டோ கிடைக்காது, வந்த ஆட்டோவின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் போக வர, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து ஆளுக்கு இருநூறுதான் ஆனது. வரப்பில் நடக்கும் முன் ஒருவரைக் கேளுங்கள், எதைப் பார்க்க வந்தீர்கள் என்பதையும் அப்படியே சொல்லுங்கள்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு காலை கதிர்வேலிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அந்த வரப்பில் பச்சையாக முளை விட்டிருந்தது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மேடம், புல்லு வந்துடுச்சு மேடம்! யாரையும் கை வைக்க வுடல."

பெரிதாக்கிப் பார்த்தேன். தரையோடு படர்ந்த, எல்லா வரப்பிலும் இருக்கிற, அதே சாதாரண உப்புப் புல். வேர்த்துண்டு ஒன்று மிச்சம் இருந்தாலும் போதும், அது முளைத்துவிடும். எங்களுடையது விதையில் முளைப்பது, மழைக்குத்தான் வரும், வந்தால். எனக்கு அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. நன்றி என்று எழுதி, கும்பிடும் கைகளைப் போட்டு அனுப்பினேன். அடுத்த ஞாயிறும் படம் வந்தது, அதற்கு அடுத்த ஞாயிறும். அனுமந்தையில் மீன் பிடிக்கும் அவருடைய மச்சானிடமிருந்து பழைய வலை வாங்கி, ஆடு மேயாமல் வரப்பைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

ரஹ்மத்துக்குக் காட்டினேன். "சொல்லாதீங்கக்கா" என்றாள். "செத்தாம வுட்டா, மண்ணுல நம்ம புல்லு விதை விழுந்திருந்தா, மழைக்கு முளைச்சாலும் முளைக்கும். இன்ஷா அல்லாஹ், அடுத்த வருஷம் கிடைக்கலாம்." அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் சித்திரையில் வந்த படத்தில் வலைக்குப் பக்கத்துப் பாத்தி காய்ந்து வெளுத்திருந்தது. விசாரித்தேன். புல்லைச் செதுக்காததால் நண்டு வளை போட்டு, உப்புநீர் கசிந்து போய்விட்டதாம். "பரவாயில்ல மேடம், ஒரு பாத்திதானே" என்றார்.

இதற்கு மேல் முடியவில்லை. ரஹ்மத்திடம் சொல்லாமலே அவருக்குப் போன் செய்தேன்.

"கதிர்வேல், அது நாங்க தேடின புல்லு இல்லீங்க. எல்லா வரப்புலயும் இருக்கிறதுதான் அது."



"அப்ப இது வேறயா மேடம்?"

"ஆமாங்க. மொதல்லயே சொல்லியிருக்கணும். நீங்க செத்திடுங்க. வரப்பு கெட்டுடும்."

"சரிங்க மேடம்" என்றார். பிறகு, தனக்குள் பேசுகிற மாதிரி, "முனியம்மாகிட்ட என்ன சொல்றது, அது ஒண்ணுதான் மேடம். தெனம் ஊட்லேர்ந்து கொண்டார குடத்துல பாதியை அந்தப் புல்லுக்குத்தான் ஊத்துது. குடிக்காம ஊத்துது மேடம், வெயில்ல."